எந்த இசைச் சேவைக்குச் சந்தா கட்டுவது?

இந்த அத்தியாயத்தில் விலைப்பட்டியல் இல்லை. சந்தாத் தொகைகள் அடிக்கடி மாறுகின்றன. புத்தகம் அச்சாகிக் கடைக்கு வருவதற்குள் நான் எழுதிய தொகை பழங்கணக்காகிவிடும். அதை ஆப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆப் சொல்லாத விஷயங்களைத்தான் இங்கே பேசப்போகிறோம். எந்தத் தரம் வரைக்கும் காசு கொடுப்பது நியாயம்? உங்கள் போனும் ஹெட்ஃபோனும் அந்தத் தரத்தைக் காது வரை கொண்டுவருமா? நீங்கள் கேட்கும் பாட்டு அங்கே ஒழுங்கான பதிப்பாக இருக்கிறதா?

கடைசியில் வந்த கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. நான் அதிலிருந்துதான் தொடங்குவேன்.

பாட்டு இருக்கிறதா, எந்தப் பதிப்பு இருக்கிறது?

ஒரு தாளை எடுத்து, நீங்கள் உண்மையிலேயே திரும்பத் திரும்பக் கேட்கும் இருபது பாட்டுகளை எழுதுங்கள். விருந்தாளிக்குப் போட்டுக் காட்டும் பாட்டுகள் வேண்டாம். பழைய கறுப்பு வெள்ளைப் படப் பாட்டு, எண்பதுகளின் இளையராஜா, ஒரு முழுக் கச்சேரி, பக்திப் பாட்டு, புதுப்படப் பாட்டு என்று எது உங்கள் வீட்டில் ஓடுகிறதோ அது. பிறகு இலவசக் கணக்கிலோ சோதனைக் காலத்திலோ ஒவ்வொரு சேவையிலும் அவற்றைத் தேடுங்கள். பாதி முடிவு இங்கேயே கிடைத்துவிடும்.

தேடும்போது சில வேடிக்கைகளைப் பார்ப்பீர்கள். ஒரே பாட்டு ஏழெட்டுத் தொகுப்புகளில் கிடக்கும். 1965-இல் வந்த பாட்டுக்கு, தொகுப்பு வெளியான ஆண்டான 2012 என்று போட்டிருக்கும். படத்தின் பெயரும் பாட்டின் பெயரும் சரியாக இருக்கும். அழுத்திக் கேட்டால் யாரோ மறுபடி பாடிப் பதிவு செய்ததாக இருக்கும். இளையராஜாவின் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் எழுதி வைத்திருப்பார்கள். ஓர் எழுத்துக்கூட்டலில் வராத ஆல்பம் இன்னொன்றில் வரும். கவிஞர் பெயரை வைத்துத் தேடுகிறவர் பாடு இன்னும் கஷ்டம்.

சரியான பாட்டைக் கண்டுபிடித்த பிறகு முதல் முப்பது விநாடியைக் கவனமாகக் கேளுங்கள். பழைய பாட்டுகளில் சில மூல நாடாவிலிருந்து எடுக்கப்பட்டவை. சில இசைத்தட்டிலிருந்தோ கேசட்டிலிருந்தோ எடுக்கப்பட்டவை. நாடா ஓடிய வேகம் கொஞ்சம் பிசகியிருந்தால் சுருதி அரைக்கட்டை ஏறியோ இறங்கியோ நிற்கும்; இரண்டு தொகுப்புகளை அடுத்தடுத்துப் போட்டால் பாட்டுப் படிக்காதவருக்கும் தெரிந்துவிடும். இரைச்சலைத் துடைக்கிறேன் என்று மென்பொருளை அளவுக்கு மேல் ஓட்டியிருந்தால், வயலின் பம்மிப்போய், பாடுபவர் வாயில் துணியை வைத்துக்கொண்டு பாடுவதுபோல் இருக்கும். மோனோவாகப் பதிவான பாட்டைச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கி, மேலே எதிரொலியையும் தூவியிருப்பார்கள். இந்தக் குறை எதையும் எந்த உயர்தரச் சந்தாவும் சரிசெய்யாது. கெட்ட பிரதியைத் துல்லியமாக அனுப்பினால் கெட்ட பிரதி துல்லியமாக வந்து சேரும், அவ்வளவுதான்.

சேவைகள் பாட்டைத் தாங்களே பதிவு செய்வதில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. உரிமை வைத்திருக்கும் நிறுவனம் அனுப்பும் ஃபைலைத்தான் அவை விநியோகிக்கின்றன. கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா என்று இருந்து பிறகு சரிகம ஆன நிறுவனம் ஒரு பழைய ஆல்பத்தைக் கொடுத்தால், பொதுவாக அதே ஃபைல்தான் எல்லாக் கடைக்கும் போகும். ஆகவே, ஒரே பதிப்பை இழப்பில்லாத தரத்தில் தரும் இரண்டு சேவைகளுக்கு நடுவே ஒலியில் வேறுபாடு தேடுவது வீண் வேலை. ஒன்றில் வெதுவெதுப்பும் இன்னொன்றில் ஆழமும் இருப்பதாக வர்ணிப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது, வேறு பதிப்பையோ சத்த அளவின் வேறுபாட்டையோதான். இந்தச் சத்த அளவைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இன்று இருக்கும் பாட்டு நாளையும் இருக்கும் என்று நம்பவும் வேண்டாம். உரிமைப் பேச்சுவார்த்தை முறிந்ததால் 2024 மார்ச்சில் ஜீ மியூசிக்கின் பாட்டுகள் ஸ்பாட்டிஃபையிலிருந்து ஒரே மூச்சில் காணாமல் போயின. கனடியப் பாடகர் நீல் யங் 2022 ஜனவரியில் தன் பாட்டுகளை அங்கிருந்து எடுத்துக்கொண்டு, 2024 மார்ச்சில் திரும்ப வந்தார்.

சிடி தரம் வரை கட்டாயம் வாருங்கள்

1982-இல் கடைக்கு வந்த சிடி, ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதுகிறது. இரண்டு சேனலுக்கும் சேர்த்து விநாடிக்கு 1,411 கிலோபிட். எம்பி3, ஏஏசி, ஆக் வோர்பிஸ் போன்ற வடிவங்கள் காது கவனிக்காது என்று கணக்கிட்ட பகுதிகளை எறிந்துவிட்டு, இதை 320, 256, 160, 96 கிலோபிட் என்று சுருக்குகின்றன. எறிந்தது திரும்ப வராது. 2001-இல் முதல் முழுப் பதிப்பு வெளியான ஃப்ளாக், ஆப்பிளின் அலாக் இரண்டும் வேறு வகை. ஸிப் ஃபைலைப் போல இடத்தை மட்டும் மிச்சப்படுத்தி, விரிக்கும்போது ஒரு பிட்டும் குறையாமல் திருப்பித் தரும். இந்த இழப்பில்லாத தரத்தைத்தான் சந்தா விளம்பரங்கள் லாஸ்லெஸ் என்கின்றன. அதற்கும் மேலே 24 பிட், 96,000 அல்லது 1,92,000 மாதிரி என்று போவதற்கு ஹை-ரெஸ் என்று பெயர்.

320 கிலோபிட்டில் பெரும்பாலான பாட்டுகள் நன்றாகவே இருக்கும். இதைச் சொல்ல ஆடியோ ரசிகர்கள் தயங்குவார்கள், நான் தயங்கவில்லை. சுருக்கம் மாட்டிக்கொள்ளும் இடங்கள் குறிப்பிட்டவை. கச்சேரிப் பதிவு அவற்றில் ஒன்று. கடத்தில் விரல் விழும் அந்தக் கணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் அமைதி, திடீரென்று கூர்மையான அடி. சுருக்கும் முறை ஒலியைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டிக் கணக்கிடுவதால், அடியின் இரைச்சல் அந்தத் துண்டு முழுவதும் கசிந்து, அடி விழுவதற்கு ஒரு நூலிழை முன்பே மங்கலாக ஒரு சலசலப்பு கேட்கும். 128 கிலோபிட்டில் கடத்தின் மண் ஒலி மழுங்கித் தகரம்போல் ஆவது இதனால்தான். கஞ்சிராவின் ஜால்ரா வில்லைகள், பின்னால் ஓடும் தம்புராவின் ஜீவா, ராகம் முடிந்ததும் எழும் கைதட்டல் மூன்றும் இதே வகை. குறைந்த தரத்தில் கைதட்டல் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல் ஆகிவிடும். தரம் உயர உயர இந்தக் குறைகள் மறைகின்றன. 320-இல் அவற்றைப் பிடிக்க நல்ல ஹெட்ஃபோனும் பழகிய காதும் வேண்டும். சிடி தரத்தில் அந்தச் சந்தேகமே இல்லை. கூடுதல் காசு சிறியது என்றால் சிடி தரத்துக்கு வந்துவிடுங்கள்.

அதற்கு மேல்? விநாடிக்கு 44,100 மாதிரி எடுத்தால் 22,050 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைப் பதியலாம். இளம் காதுக்கே எல்லை ஏறக்குறைய 20,000. வயது கூடக் கூட அது இறங்கும். 16 பிட்டில் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது; ஃபேன் ஓடும் அறையில் அதைப் பயன்படுத்தித் தீர்க்க முடியாது. பிராட் மேயரும் டேவிட் மோரனும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தரப் பதிவை நேராகவும் சிடி தரத்துக்கு இறக்கியும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 முறையில் சரியாகச் சொன்னது 276. காசு சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வந்திருக்கும். 2016-இல் ஜோஷுவா ரீஸ் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சராசரியாக 52 சதவீதத்தை ஒட்டி ஒரு சின்ன வேறுபாடு தெரிந்தது. நன்கு பயிற்சி பெற்றவர்களிடம் அது கணிசமாகக் கூடியது. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு 24 பிட் அவசியம், கலவை செய்யும்போது இடம் வேண்டும். வீட்டில் கேட்பவர் அதற்கென்று தனிச் சந்தா கட்ட வேண்டாம். சும்மா கூடவே வந்தால் வரட்டும்.

சும்மா வந்தாலும் டேட்டா கணக்கைப் பாருங்கள். ஆப்பிள் தரும் கணக்குப்படி 3 நிமிடப் பாட்டு ஏஏசி 256-இல் 6 எம்பி, 24/48 (24 பிட், 48,000 மாதிரி) லாஸ்லெஸ்ஸில் 36 எம்பி, 24/192-இல் 145 எம்பி. கடைசி அளவில் ஒரு மணி நேரம் கேட்டால் 2.9 ஜிபி. தினசரி 2 ஜிபி பேக் போட்டிருப்பவருக்கு ஒரு ராகம் தானம் பல்லவி முடிவதற்குள் டேட்டா முடிந்துவிடும். ஹை-ரெஸ்ஸை வீட்டு வைஃபைக்கு மட்டும் என்று செட்டிங்ஸில் கட்டிப்போடுவது நல்லது.

போனிலிருந்து காது வரை

ப்ளூடூத் இயர்போனில்தான் கேட்கிறீர்கள் என்றால் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். சேவை லாஸ்லெஸ் ஃபைலை அனுப்புகிறது. போன் அதை முழுதாக விரிக்கிறது. பிறகு காற்றில் அனுப்புவதற்காக மறுபடி சுருக்குகிறது. சுருக்கும் முறை எஸ்பிசி என்றால் அதிகபட்சம் ஏறக்குறைய 328 கிலோபிட், ஏஏசி என்றால் 256-ஐ ஒட்டி. சோனியின் எல்டாக் 330, 660, 990 என்று மூன்று படியில் ஓடும்; கூட்டம் நிறைந்த ரயில் நிலையத்தில் தானாகவே கீழ்ப்படிக்கு இறங்கிவிடும். ஐபோனில் எஸ்பிசியும் ஏஏசியும் மட்டும்தான். எல்டாக் ஹெட்ஃபோன் வாங்கி ஐபோனோடு இணைத்தால் எல்டாக்குக்குக் கொடுத்த காசு தண்டம். சாதாரண ஏர்பாட்ஸில் ப்ளூடூத் வழியே லாஸ்லெஸ் வராது என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது.

அப்படியானால் ப்ளூடூத்காரருக்கு லாஸ்லெஸ் சந்தா முழு வீணா? முழு வீண் இல்லை. 160 கிலோபிட்டுக்குச் சுருக்கிய பாட்டைப் போன் மறுபடி சுருக்கும்போது குறை இரட்டிக்கிறது. லாஸ்லெஸ்ஸிலிருந்து சுருக்கினால் ஒரு முறை மட்டும்தான் நடக்கிறது. ஆனால் 320-க்கும் லாஸ்லெஸ்ஸுக்கும் நடுவில் தேறும் லாபம் சின்னது. அந்தக் காசை நல்ல ஹெட்ஃபோனுக்குச் சேர்த்து வைப்பது புத்திசாலித்தனம்.

கம்பி வழியில் கதை எளிது. போனில் 3.5 மிமீ துளை இருந்தால் அதில் செருகலாம். இல்லையென்றால் யுஎஸ்பி-சி டாங்கிள் வேண்டும். டிஜிட்டலை ஒலியாக மாற்றும் டாக் அந்தக் குட்டித் துண்டுக்குள்ளேயே இருக்கும். வாங்கும்போது டாக் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். டாக் இல்லாத வெறும் இணைப்பு பல போன்களில் பேசாது. ஆப்பிளின் டாங்கிள் 24/48 வரை தரும், வீட்டுக்கு அது தாராளம். ஆனால் அதையே ஆண்ட்ராய்டு போனில் செருகினால் பல மாடல்களில் சத்தம் எழும்பாது. ஐபோனில் 48,000-க்கு மேற்பட்ட மாதிரி அளவில் கேட்க ஆசைப்பட்டால் வெளி டாக் தேவை. ஆண்ட்ராய்டு பொதுவாக எல்லாப் பாட்டையும் தன் கலவைப் பெட்டிக்குள் போட்டு 48,000-க்கு மாற்றித்தான் வெளியே விடும். அதைத் தவிர்க்கத்தான் யுஎஸ்பி ஆடியோ பிளேயர் புரோ போன்ற தனி ஆப்களை வைத்துக்கொள்கிறார்கள். காதுக்குத் தெரியும் அளவுக்கு இந்த மாற்றம் கெடுதல் செய்யும் என்று நான் நினைக்கவில்லை.

வீட்டில் ஸ்பீக்கர் இருந்தால் ப்ளூடூத்தை விட்டுவிட்டு வைஃபை வழியைப் பிடியுங்கள். ஸ்பாட்டிஃபை கனெக்ட், டைடல் கனெக்ட், 2025-இல் வந்த கோபஸ் கனெக்ட் ஆகியவற்றில் போன் வெறும் ரிமோட். பாட்டை ஸ்பீக்கரோ ஸ்ட்ரீமரோ நேராக இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். நடுவில் போன் அழைப்பு வந்தாலும் பாட்டு நிற்காது. ஸ்ட்ரீமர் வாங்குவதற்கு முன் அதில் உங்கள் சேவை இருக்கிறதா என்று பாருங்கள். பல ஸ்ட்ரீமர்களில் ஆப்பிள் மியூசிக் நேராக வருவதில்லை. காரில் யுஎஸ்பி கேபிள் போட்டுக்கொண்டால் ப்ளூடூத் சுருக்கம் போய்விடும். டயர் சத்தம் போகாது.

இனி சேவைகள்

இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு உயர்தரத் தேர்வு சிறியது. ஆப்பிள் மியூசிக் 2015-லிருந்து இருக்கிறது. 2021 ஜூனில் தன் தொகுப்பை லாஸ்லெஸ்ஸாகத் தர ஆரம்பித்தது. அதற்குத் தனிக் கட்டணம் வைக்கவில்லை. 2019-இல் எச்டி என்று தனி விலை வைத்துத் தொடங்கிய அமேசானும், ஆப்பிள் இதை மே மாதத்தில் அறிவித்த அன்றே கூடுதல் கட்டணத்தைக் கைவிட்டது. உயர்தரத்துக்குத் தனிக் காசு என்ற கணக்கு அன்று ஆட்டம் கண்டது. ஆப்பிளில் 16/44.1 முதல் 24/192 வரை கிடைக்கும். ஆண்ட்ராய்டு ஆப்பும் உண்டு. ஆப்பிள் போன் இல்லாதவர்கள் இதைக் கவனிக்காமலேயே விட்டுவிடுகிறார்கள். ஒரு சிக்கல்: லாஸ்லெஸ் தானாக வராது, நீங்கள்தான் போட வேண்டும். செட்டிங்ஸில் மியூசிக், அதற்குள் ஆடியோ குவாலிட்டி, அதற்குள் லாஸ்லெஸ் என்று போய் மொபைல் டேட்டா, வைஃபை, டவுன்லோட் மூன்றுக்கும் தனித்தனியாகத் தரத்தைத் தேர்ந்தெடுங்கள். பாட்டு ஓடும்போது திரையில் லாஸ்லெஸ் என்ற சொல் தெரிந்தால்தான் வந்தது என்று அர்த்தம்.

மேல்நாட்டுச் செவ்வியல் இசை கேட்பவர்களுக்கு ஆப்பிளுக்கு இன்னொரு பலம் இருக்கிறது. 2021-இல் பிரைம்ஃபோனிக் என்ற செவ்வியல் சேவையை வாங்கி, 2023-இல் ஆப்பிள் மியூசிக் கிளாசிக்கல் என்று தனி ஆப்பாக வெளியிட்டார்கள். இசையமைப்பாளர், படைப்பு, நடத்துநர் என்று முறையாகத் தேடலாம். ராகம், தாளம், வாக்கேயக்காரர் என்று கர்நாடக இசையை அப்படித் தேட இங்கே பேசும் சேவைகள் எதுவும் இன்னும் இடம் கொடுக்கவில்லை. ஆல்பத் தலைப்பில் ராகத்தின் பெயர் இருந்தால் கிடைக்கும், இல்லையென்றால் இல்லை.

ஸ்பாட்டிஃபை ஸ்டாக்ஹோமில் 2006-இல் பிறந்தது. இந்தியாவுக்கு 2019-இலும் இலங்கைக்கு 2021-இலும் வந்தது. ஹைஃபை வருகிறது என்று 2021 பிப்ரவரியில் அறிவித்துவிட்டு, நாலரை ஆண்டு கழித்து 2025 செப்டம்பரில்தான் லாஸ்லெஸ்ஸைத் திறந்தது. அதன் எல்லை 24 பிட், 44,100. முன்னால் சொன்ன காரணங்களால் இதைக் குறையாக நான் எண்ணவில்லை. இந்தியாவில் 2025 நவம்பரில் சந்தாவை லைட், ஸ்டாண்டர்ட், பிளாட்டினம் என்று பிரித்தார்கள். லாஸ்லெஸ் பிளாட்டினத்தில் மட்டும்தான். ஆகவே லாஸ்லெஸ் ஒன்றே உங்கள் நோக்கம் என்றால் ஆப்பிள், ஸ்பாட்டிஃபை இரண்டின் தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆனால் ஸ்பாட்டிஃபையின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது: நீங்கள் கேட்டதை வைத்து அடுத்ததைக் கொண்டுவந்து நிறுத்துவதில் அது கெட்டிக்காரன். நண்பர்கள் எல்லோரும் அங்கே பிளேலிஸ்ட் வைத்திருப்பதும் ஒரு காரணம்தான். தரத்துக்காக அதை விட்டுவிட்டு வந்து இரண்டு மாதத்தில் திரும்பிப் போனவர்கள் உண்டு. இங்கும் ஒவ்வொரு கருவியிலும் மீடியா குவாலிட்டி பகுதிக்குப் போய் லாஸ்லெஸ்ஸை நீங்களே போட வேண்டும்.

டைடல், கோபஸ் என்ற உயர்தரச் சேவைகள் இரண்டும் இந்தியாவில் முறைப்படி விற்பனைக்கு வரவில்லை. விபிஎன் போட்டு, வெளிநாட்டு உறவினரின் கார்டைக் கொடுத்துச் சேர்கிறவர்கள் இருக்கிறார்கள். கார்டு காலாவதியாகும் அன்று கணக்கும் பிளேலிஸ்ட்டும் தொங்கலில் நிற்கும். நான் பரிந்துரைக்க மாட்டேன். கனடாவிலோ பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் தமிழருக்கு இரண்டும் நேராகவே கிடைக்கும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் டைடல் உண்டு.

டைடலின் கதையில் வாடிக்கையாளருக்கு ஒரு படிப்பினை இருக்கிறது. 2015-இல் ராப் பாடகர் ஜே-ஸீ வாங்கிப் பெரிதாக்கிய இந்தச் சேவை, 2017 முதல் எம்கியூஏ என்ற உரிமம் பெற்ற வடிவத்தில் ஹை-ரெஸ் தந்தது. அதை முழுதாக விரிக்க எம்கியூஏ முத்திரை போட்ட டாக் வேண்டும் என்று கடைகளில் விற்றார்கள், வாங்கினார்கள். அது உண்மையில் இழப்பில்லாத வடிவமே அல்ல என்று பொறியாளர்கள் சண்டை போட்டார்கள். 2023-இல் எம்கியூஏ நிறுவனம் நிதி நெருக்கடியில் விழுந்தது. 2024 ஜூலையில் டைடல் அதைக் கைகழுவிவிட்டு ஃப்ளாக்குக்கு மாறியது. முத்திரைக்காகக் கூடுதல் காசு கொடுத்தவர்களுக்கு முத்திரைதான் மிச்சம். ஃப்ளாக் யாருடைய உரிமத்திலும் இல்லாத திறந்த வடிவம். கருவி வாங்கும்போது பெட்டியில் அந்தப் பெயரைத் தேடினால் போதும்.

கோபஸ் பாரிஸில் 2007-இல் தொடங்கியது. பிளேலிஸ்ட் பரிந்துரையில் மந்தம். தமிழ்ப் படப் பாட்டுகளுக்கு இதை நம்பி வர வேண்டாம். ஆனால் ஆல்பத்தின் கையேடு, கலைஞர் விவரங்கள், எழுத்தாளர்கள் எழுதிய குறிப்புகள் என்று சிடி உறையைப் புரட்டும் சுகம் இங்கே உண்டு. பாட்டை விலைக்கு வாங்கி ஃபைலாகவே இறக்கிக்கொள்ளலாம். சந்தா நின்றாலும் ஃபைல் உங்களுடையது. கலைஞருக்கு எவ்வளவு போகிறது என்று யோசிப்பவர்களுக்கு: ஒரு முறை கேட்கப்படுவதற்குச் சராசரியாக 0.01873 டாலர் உரிமையாளர்களுக்குத் தருவதாக 2025-இல் கோபஸ் கணக்கு வெளியிட்டது. ஆப்பிள் 2021-இல் சொன்ன சராசரி ஏறக்குறைய ஒரு சென்ட். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஓராண்டில் 1,000 முறைகூட ஓடாத பாட்டுக்கு ராயல்டியே கிடையாது. சிறிய கச்சேரிப் பதிவுகளை அடிக்கும் விதி இது.

யூடியூப் மியூசிக்கில் உச்சம் 256 கிலோபிட், லாஸ்லெஸ் இல்லை. ஆனாலும் வேறு எங்கும் இல்லாத பழைய வானொலிக் கச்சேரியும் சபா பதிவும் யூடியூபில் இருக்கும். தரம் பார்த்தால் அதைக் கேட்கவே முடியாது. ஜியோசாவன் 320 தருகிறது, தமிழ்ப் படப் பாட்டுக்குப் பஞ்சமில்லை. பஸ்ஸில் ப்ளூடூத்தில் கேட்கும் ஒருவருக்கு இதற்கு மேல் செலவு செய் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஒலியைச் சுற்றிலும் பரப்பும் டால்பி அட்மாஸ் பற்றி ஒரு வார்த்தை. ஸ்ட்ரீமிங்கில் அது இழப்புள்ள சுருக்கத்தில்தான் வருகிறது. லாஸ்லெஸ்ஸைவிட உயர்ந்தது என்று நினைக்க வேண்டாம். அது வேறு கலவை. சில புதிய பாட்டுகளுக்கு அழகாக இருக்கும்; ஸ்டீரியோவில் கலந்த பழைய பாட்டை அப்படி மறுகலவை செய்தால் பாடகர் தூரமாகப் போய்விடுவார். தானாகப் போடும் செட்டிங்கை அணைத்து வையுங்கள்.

உங்கள் காதையே கேளுங்கள்

சோதனைக் காலத்தில் செய்ய வேண்டிய முக்கிய வேலை இது. முதலில் சத்த அளவு. எல்லாப் பாட்டையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவர ஸ்பாட்டிஃபை மைனஸ் 14 என்ற அளவையும் ஆப்பிள் மைனஸ் 16 என்ற அளவையும் வைத்திருக்கின்றன. நடுவில் 2 டெசிபல். சற்று உரக்க ஒலிப்பது நமக்கு எப்போதும் தெளிவாகவும் செழிப்பாகவும் தோன்றும். இதில் மயங்கித்தான் பலர் சேவையை மாற்றுகிறார்கள். ஸ்பாட்டிஃபையில் வால்யூம் நார்மலைசேஷனையும் ஆப்பிளில் சவுண்ட் செக்கையும் அணைத்துவிட்டு ஒப்பிடுங்கள். ஈக்வலைசரையும் அணைத்துவிடுங்கள்.

பிறகு ஒரே சேவையில் ஒரே பாட்டை லாஸ்லெஸ்ஸிலும் குறைந்த தரத்திலும் கேட்டுப் பார்க்க வேண்டும். போன் வீட்டில் வேறொருவர் கையில் இருக்கட்டும். நீங்கள் திரையைப் பார்க்காதீர்கள். அவர் ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டித் தரத்தைத் தேர்ந்தெடுத்து, தாளில் குறித்துக்கொண்டு, அதே இருபது விநாடியைப் போடட்டும். தரத்தை மாற்றிய பிறகு பாட்டை முதலிலிருந்து ஓடவிடுவது நல்லது, முன்பு இழுத்து வைத்த பகுதி பழைய தரத்திலேயே ஓடக்கூடும். மொத்தம் பத்து முறை. குருட்டாம்போக்கில் சொன்னாலே ஐந்து சரியாக இருக்கும். ஒன்பதோ பத்தோ சரி என்றால் அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். உங்கள் காது பிடிக்கிறது, காசு கொடுங்கள். ஆறு, ஏழு என்றால் முடிவுக்கு வர முடியாது. இன்னொரு நாள் காது களைப்பில்லாதபோது செய்து பாருங்கள்.

எந்தப் பாட்டு? மேலே சொன்ன கடமும் கைதட்டலும் உள்ள கச்சேரி ஒன்று. இளையராஜாவின் 1986 ஆல்பமான ஹவ் டு நேம் இட் இன்னொன்று: வி. எஸ். நரசிம்மனின் தனி வயலினும் பின்னால் நிற்கும் வயலின் கூட்டமும் பிரிந்து கேட்கிறதா என்று கவனிக்கலாம். இரைச்சலும் எதிரொலியும் நிறைந்த குத்துப்பாட்டில் சோதிக்காதீர்கள், அதில் எல்லாமே ஒன்றுதான். ஆல்பம் ஓடும்போது பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இடைவெளி விழுகிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். ஆலாபனையையும் கீர்த்தனையையும் இரண்டு டிராக்காகப் பிரித்து வைத்த கச்சேரியில் நடுவே அரை விநாடி மௌனம் விழுந்தால் கேட்பவருக்கு எரிச்சலாக இருக்கும்.

வெளியேறும் வழி

சேரும்போதே வெளியேறும் வழியையும் யோசித்து வையுங்கள். ரெஸ்ஸோ என்ற இசைச் சேவை 2024 ஜனவரியோடு இந்தியாவில் கடையைக் கட்டியது. அதே ஆண்டில் ஏர்டெல் தன் விங்க் மியூசிக்கை மூடிவிட்டு வாடிக்கையாளர்களை ஆப்பிள் பக்கம் திருப்பிவிட்டது. ஆண்டுக்கணக்கில் சேர்த்த பிளேலிஸ்ட் இப்படி ஒரு மாதத்தில் போகலாம். சௌண்டீஸ், டியூன் மை மியூசிக் போன்ற தளங்கள் பிளேலிஸ்ட்டை ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும். இலவசக் கணக்கில் ஓர் அளவு வரைதான். நகர்த்திய பிறகு தமிழ்ப் பாட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள், ஏனென்றால் பெயர் ஒத்துப்போனால் போதும் என்று அவை மறுபாடல் பதிவைக் கொண்டுவந்து வைத்துவிடும். அப்படியே பிளேலிஸ்ட்டை ஒரு டெக்ஸ்ட் ஃபைலாகவும் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் பலர் கேட்கிறார்கள் என்றால் குடும்பச் சந்தா லாபம். ஆப்பிளில் ஆறு பேர் வரை சேரலாம். ஒரே தனிநபர் கணக்கை அப்பாவும் மகளும் பகிர்ந்தால் ஒருவர் போட்டதும் மற்றவருடையது நின்றுவிடும். பரிந்துரைப் பட்டியலும் சீர்காழியும் கொரியப் பாட்டும் கலந்த கூட்டாஞ்சோறாக இருக்கும்.

ஆப் ஸ்டோர் அல்லது பிளே ஸ்டோர் வழியாகக் கட்டிய சந்தாவை அங்கேயே போய்த்தான் ரத்து செய்ய வேண்டும். போனிலிருந்து ஆப்பை அழித்துவிட்டால் மட்டும் சந்தா நிற்காது. அடுத்த மாதமும் பணம் எடுப்பார்கள்.